குடிநீர் வாரியத்தில் நிலையான டேங்கர் ஓட்டுநர் பணி: முதன்முறை முயல்வோருக்கு ஒரு வழிகாட்டி

குடிநீர், கழிவுநீர்ப் பணிகளை நடத்தும் வாரியம் ஒன்றில் டேங்கர் ஓட்டுநராகச் சேர எனக்கு இரண்டு ஆண்டுகளும் மூன்று விண்ணப்பங்களும் தேவைப்பட்டன. முதல் விண்ணப்பம், மருத்துவச் சான்றின் காலம் முடிந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகத் திரும்பி வந்தது. இரண்டாவது முறை வேலை கிடைத்தது என்று நம்பி ஒன்பது மாதங்கள் வண்டி ஓட்டினேன். மழை பெய்து நீர்த்தேக்கங்கள் நிறைந்த வாரத்தில், மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். என் வண்டியின் தொட்டியில் வாரியத்தின் சின்னம் இருந்தது, சம்பளச் சீட்டில் இல்லை. அதை நான் சேரும்போது கவனிக்கவில்லை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். விதிகள் நாட்டுக்கு நாடு மாறும் இடங்களில் ஓரிரு நாடுகளின் விதியை எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கிறேன். உங்கள் நாட்டின் விதியை உரிமம் வழங்கும் அலுவலகத்தில் நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

1. எந்த ஓட்டம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

வாரியத்தின் டேங்கர் என்றாலே குடிநீர் வண்டி என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அங்கே குறைந்தது நான்கு வகை ஓட்டங்கள் உண்டு. குழாய் உடைந்த பகுதிகளுக்கும் தட்டுப்பாடு உள்ள பகுதிகளுக்கும் குடிநீர் கொண்டுபோவது ஒன்று. சிறிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் சேரும் கசடைப் பெரிய நிலையங்களுக்குக் கொண்டுசேர்ப்பது இரண்டாவது. அடைப்பெடுக்கும் உறிஞ்சு வண்டிகளை ஓட்டுவது மூன்றாவது. சுத்திகரிப்புக்கான வேதிப்பொருள்களை ஏற்றிச் செல்வது நான்காவது.

நிலைத்தன்மைதான் உங்கள் நோக்கம் என்றால் இவை நான்கும் ஒன்றல்ல. குடிநீர் ஓட்டம் பல இடங்களில் பருவத்தைச் சார்ந்தது. வறட்சியில் கூடுதல் ஆட்களை எடுப்பார்கள், தேக்கம் நிறைந்ததும் குறைப்பார்கள். கசடு அப்படியல்ல. சுத்திகரிப்பு நிலையத்தில் திரளும் நீர்மக் கசடில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் தண்ணீரே என்பதால், அதைப் பிழிந்து உலர்த்தும் இயந்திரம் இல்லாத சிறிய நிலையங்கள் வாரம் தவறாமல், சில வேளை நாள் தவறாமல், அதை வெளியேற்றியாக வேண்டும். மழையோ வெயிலோ கழிவுநீர் வருவது நிற்பதில்லை. ஆகவே அந்த வண்டியும் நிற்பதில்லை. நாற்றத்துக்கு அஞ்சிப் பலர் ஒதுங்குவதால் போட்டியும் குறைவு. எனக்குக் கிடைத்த நிரந்தரப் பணி இந்த வகையைச் சேர்ந்ததுதான், முதல் மாதத்துக்குப் பிறகு நாற்றம் ஒரு பொருட்டாகவே இல்லை.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள்: கழிவு ஓட்டத்தில் சேர்ந்துவிட்டுப் பின்னர் குடிநீர் வண்டிக்கு மாறிக்கொள்ளலாம் என்ற கணக்கு எளிதில் பலிக்காது. குடிநீரைத் தொடும் கருவிகளையும் ஆட்களையும் கழிவிலிருந்து பிரித்து வைப்பது இத்தொழிலின் அடிப்படை விதி. பிரிட்டனில் குடிநீர் அமைப்புகளில் வேலை செய்பவர்கள் மூன்றாண்டுக் காலம் செல்லத்தக்க தேசிய நீர்ச் சுகாதார அட்டையை வைத்திருக்க வேண்டும். மற்ற நாடுகளிலும் வெவ்வேறு பெயர்களில் இத்தகைய பயிற்சியும் உடல்நல வினாத்தாளும் உள்ளன.

2. சம்பளம் யார் பெயரில் வருகிறது என்று பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். வாரியத்தின் சின்னம் தாங்கிய வண்டியை ஓட்டுபவர் மூன்று வகையினராக இருக்கலாம்: வாரியமே நியமித்த ஊழியர், வாரியத்தின் கீழ் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் எடுக்கப்பட்டவர், வாரியத்திடம் ஒப்பந்தம் எடுத்த போக்குவரத்து நிறுவனத்தின் ஆள். சீருடையும் வழித்தடமும் மூவருக்கும் ஒன்றாகவே இருக்கும். மூன்றாம் வகையினரின் வேலை, ஒப்பந்ததாரரின் ஒப்பந்தம் எத்தனை மாதம் மிச்சமிருக்கிறதோ அத்தனை மாதத்துக்கே உறுதி.

விளம்பரத்தைப் படித்தால் இது பெரும்பாலும் தெரியாது. ஆகவே தொலைபேசியிலோ நேர்முகத்திலோ தயங்காமல் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். நியமன ஆணையில் கையெழுத்திடுவது யார்? ஓய்வூதியத்துக்கோ வைப்பு நிதிக்கோ பிடித்தம் செய்து செலுத்துவது யார்? ஒப்பந்தப் பணி என்றால் அந்த ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது? ஒப்பந்தம் வேறு நிறுவனத்துக்குக் கைமாறினால் இப்போதுள்ள ஓட்டுநர்களின் நிலை என்ன? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில்தான் உண்மை தெரியும். ஐரோப்பிய நாடுகளில் இத்தகைய கைமாற்றத்தின்போது பல சூழல்களில் தொழிலாளரும் அவர்களது பணி நிபந்தனைகளும் புதிய முதலாளிக்குச் செல்வதைச் சட்டம் பாதுகாக்கிறது. அப்படிப்பட்ட சட்டம் இல்லாத இடத்தில், "பார்த்துக்கொள்வோம்" என்ற வாய்மொழிக்கு எந்த மதிப்பும் இல்லை.

ஒப்பந்ததாரரிடம் சேரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. டேங்கர் அனுபவமே இல்லாத ஒருவரை வாரியம் நேரடியாக எடுப்பது அரிது. அந்த அனுபவத்தைப் பெற ஒப்பந்ததாரரே வழி. என்ன வேலை என்று தெரிந்து சேருங்கள், சேர்ந்த நாளிலிருந்தே அடுத்த விண்ணப்பத்துக்கான சான்றுகளைச் சேர்த்து வையுங்கள்.

3. உரிமம்: எந்தப் பிரிவு, எந்த வரிசையில்

1,000 லிட்டர் தண்ணீரின் எடை ஒரு டன். 10,000 லிட்டர் தொட்டி என்றால் பாரம் மட்டுமே பத்து டன், அதற்கு மேல் வண்டியின் எடை. எனவே சிறிய தொட்டிகளைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் கனரக வாகன உரிமம் தேவைப்படும். இழுவை வண்டியோடு இணைந்த பெரிய தொட்டிகளுக்கு அதற்கும் மேலான பிரிவு வேண்டும். உங்கள் குறி எந்த வாரியமோ, அங்கே எந்த அளவு வண்டிகள் ஓடுகின்றன என்று பார்த்துவிட்டுப் பயிற்சிக்குப் பணம் கட்டுங்கள்; தனி லாரிகள் மட்டுமே ஓடும் இடத்துக்காக இழுவை வண்டிப் பயிற்சிக்குச் செலவிடுவது வீண்.

இந்தியாவில் போக்குவரத்து வாகனத்துக்கான பழகுநர் உரிமம் பெறவே, இலகுரக வாகன உரிமத்தைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும். இந்த ஓராண்டை யாராலும் சுருக்க முடியாது. ஐரோப்பிய நாடுகளில் 3,500 கிலோவுக்கு மேற்பட்ட லாரிக்கு 'சி' பிரிவு உரிமமும், அதைத் தொழிலாகச் செய்ய ஐந்தாண்டுக்கு ஒருமுறை 35 மணி நேரத் தொடர்பயிற்சியும் வேண்டும். அமெரிக்காவில் வணிக ஓட்டுநர் உரிமத்தின் மேல் 'என்' எனப்படும் தொட்டி வாகன ஒப்புதலைத் தனி எழுத்துத் தேர்வு எழுதிப் பெற வேண்டும். தண்ணீர்தானே என்பதற்காக விலக்கு எதுவும் இல்லை, ஏனெனில் அந்த ஒப்புதல் தொட்டிக்குள் அலையும் திரவத்தைப் பற்றியது, அதன் நச்சுத்தன்மையைப் பற்றியதன்று. வேதிப்பொருள் ஓட்டத்துக்கு மட்டும் ஆபத்தான பொருள்களுக்கான தனிச் சான்று தேவைப்படும். வேலை உறுதியாகும் முன் அதற்குப் போகாதீர்கள்; பல வாரியங்கள் சேர்ந்த பிறகு தம் செலவிலேயே அனுப்புகின்றன.

4. ஆவணங்களை ஒரே கோப்பில் சேருங்கள்

உரிமத்தின் இரு பக்க நகல், உரிமம் வழங்கும் துறையிடமிருந்து பெற்ற ஓட்டப் பதிவு (அபராதங்கள், விபத்துகள் உள்பட), மருத்துவத் தகுதிச் சான்று, அடையாளச் சான்று, முகவரிச் சான்று, கல்விச் சான்று, காவல் துறையின் நன்னடத்தைச் சான்று, முந்தைய முதலாளிகளின் அனுபவச் சான்றுகள் ஆகியவை பெரும்பாலும் எல்லா இடத்திலும் கேட்கப்படும். கழிவு ஓட்டத்துக்கு, கல்லீரல் அழற்சித் (ஹெபடைடிஸ்) தடுப்பூசியும் இசிவு நோய்த் (டெட்டனஸ்) தடுப்பூசியும் போட்ட விவரத்தைச் சேர்த்து வைத்தால் நல்லது.

இவற்றில் மூன்று பொறிகள் உண்டு. முதலாவது பெயர். உரிமத்தில் ஓர் எழுத்துக்கூட்டலும் அடையாள அட்டையில் வேறொன்றும் இருந்தால், சரிபார்ப்பு அந்த இடத்திலேயே நின்றுவிடும். யாரும் உங்களைக் கூப்பிட்டுச் சொல்லவும் மாட்டார்கள். எல்லா ஆவணங்களையும் மேசைமேல் பரப்பி வைத்து, பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். திருத்தம் தேவையானால் அதைத்தான் முதலில் தொடங்க வேண்டும், ஏனெனில் அதுவே மிக அதிக நாள் எடுக்கும்.

இரண்டாவது அனுபவச் சான்று. "இவர் எங்களிடம் ஓட்டுநராகப் பணியாற்றினார்" என்ற ஒற்றை வரிச் சான்று டேங்கர் பணிக்கு அநேகமாகப் பயன்படாது. சேர்ந்த தேதி, விலகிய தேதி, வண்டியின் மொத்த எடை, தொட்டியின் கொள்ளளவு, ஏற்றிய பொருள், விபத்தின்றி ஓட்டிய காலம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். இதை வேலையை விடும் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். ஓராண்டு கழித்துப் போனால் மேலாளர் மாறியிருப்பார், சில வேளை நிறுவனமே இருக்காது. நான் ஒரு சான்றுக்காக ஆறு முறை நடந்தேன், கடைசியில் வண்டிப் பதிவேட்டின் நகலை வைத்தே சமாளித்தேன்.

மூன்றாவது மருத்துவச் சான்று. அதற்கு ஆயுள் உண்டு. அமெரிக்காவில் அதிகபட்சம் 24 மாதம், வேறு சில இடங்களில் வயதைப் பொறுத்து மாறும். இரத்த அழுத்தம், சர்க்கரை, பார்வை, செவித்திறன் ஆகியவற்றைத்தான் முக்கியமாகப் பார்க்கிறார்கள். கண்ணாடி தேவையா என்பதைத் தேர்வுக்கு முன்பே கண் மருத்துவரிடம் பார்த்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து உட்கொள்ளும் மருந்துகளை மறைக்காதீர்கள். மறைத்தது பின்னர் தெரிந்தால் உடல்நிலையைக் காட்டிலும் அந்தப் பொய்யே வேலையைப் பறிக்கும்.

5. செலவும் காலமும்

செலவின் தலைப்புகள் இவை: பயிற்சிப் பள்ளிக் கட்டணம், பழகுநர் மற்றும் நிரந்தர உரிமக் கட்டணம், தேர்வுக்கு வண்டி வாடகை, மருத்துவப் பரிசோதனை, நன்னடத்தைச் சான்று, தேர்வுக்குச் சென்றுவரும் செலவு, அந்த நாள்களின் இழந்த கூலி. இவற்றில் பயிற்சிக் கட்டணமே பெரிது, அதில்தான் ஏமாற்றும் அதிகம். ஒரு தேர்வில் தோற்றால் மறுதேர்வுக்கான வண்டி வாடகை கட்டணத்தில் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். அடங்காது என்றால், குறைந்தது ஒரு மறுதேர்வுக்கான பணத்தைத் தனியே எடுத்து வையுங்கள். ஏற்கெனவே ஓட்டுநரல்லாத பணியில் வாரியத்தில் இருப்பவர்கள் சொந்தப் பணத்தில் பயிற்சிக்குப் போகும் முன் மனிதவளப் பிரிவில் விசாரியுங்கள். உள்ளிருப்பவருக்கு உரிமச் செலவை ஏற்று, குறிப்பிட்ட காலம் பணியாற்ற வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதிக்கொள்ளும் இடங்கள் உண்டு.

வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவரிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள். விண்ணப்பக் கட்டணம் என்று ஏதேனும் இருந்தால் அது அறிவிப்பிலேயே அச்சாகியிருக்கும், ரசீதும் தருவார்கள்.

காலத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். விண்ணப்பம் முடிந்து பணியில் சேர்வதற்குள் சில மாதங்கள் ஆவது இயல்பு. சரிபார்ப்பு, மருத்துவம், ஓட்டத் தேர்வு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரிசை. அந்த மாதங்கள் முழுவதும் உங்கள் சான்றுகள் உயிரோடு இருக்க வேண்டும். என் முதல் விண்ணப்பத்தில், அனுப்பிய நாளில் எல்லாம் செல்லுபடியாகத்தான் இருந்தன; அவர்கள் கோப்பைத் திறந்த நாளில் மருத்துவச் சான்று முடிந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. விண்ணப்பிக்கும் நாளில் எந்தச் சான்றுக்கும் குறைந்தது ஆறு மாத ஆயுள் மிச்சமிருக்கட்டும். எழுத்தில் நியமன ஆணை கைக்கு வரும்வரை இப்போதுள்ள வேலையை விடாதீர்கள்.

6. விண்ணப்பத்தை எழுதும்போது

சுருக்கமாக எழுதுங்கள். அறிவிப்பில் கேட்ட தகுதிகளை அதே வரிசையில், அதே சொற்களில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்கள் சான்றைக் குறிப்பிடுங்கள். வேலையில்லாத இடைவெளிகள் இருந்தால் மறைக்காமல் ஒரு வரியில் காரணம் எழுதுங்கள். இரவுப் பணிக்கும் அவசர அழைப்புக்கும் தயார் என்றால் அதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். குழாய் உடைவது அலுவலக நேரத்தில் மட்டும் அல்லவே.

7. ஓட்டத் தேர்வும் நேர்முகமும்

பெட்டி லாரி ஓட்டிப் பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். திரவம் அலையும். முழுதும் நிரம்பிய தொட்டியில் அசைய இடமில்லை, காலித் தொட்டியில் அசைய ஒன்றுமில்லை. பாதி நிரம்பிய தொட்டிதான் மிக ஆபத்தானது. நீங்கள் பிரேக் பிடித்து வண்டி நின்ற பிறகு, பின்னிருந்து வரும் அலை முன்சுவரில் மோதி வண்டியை மறுபடி முன்னே தள்ளும். வழுக்கும் சாலையில் அந்தத் தள்ளலே உங்களைச் சந்திப்புக்குள் கொண்டுபோய்விடும். ஆகவே முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, மென்மையாக மிதித்து, அலை அடங்கும்வரை மிதியிலிருந்து காலை எடுக்காமல் இருக்க வேண்டும். தொட்டிக்குள் இருக்கும் துளையிட்ட தடுப்புத் தகடுகள் முன்பின் அலையைத்தான் குறைக்கும், பக்கவாட்டு அலையைக் குறைக்காது. வளைவில் டேங்கர்கள் கவிழ்வதற்கு உயரமான ஈர்ப்பு மையத்தோடு இதுவும் காரணம். "தடுப்புத் தகடு இருக்கும் வண்டியில் வளைவை எப்படி எடுப்பாய்?" என்ற கேள்வியை என்னிடம் கேட்டார்கள், தகடு இல்லாததுபோலவே எடுப்பேன் என்றேன், தேர்வாளர் தலையசைத்தார்.

வண்டியை எடுக்கும் முன் சுற்றிவந்து பார்ப்பதற்கு நிறைய மதிப்பெண் உண்டு. டயர், பிரேக் காற்றழுத்தம், விளக்குகள் ஆகியவற்றை எல்லோரும் பார்ப்பார்கள். தொட்டியின் மேல்மூடி பூட்டியிருக்கிறதா, வெளியேற்று வால்வு மூடியிருக்கிறதா, ஹோஸ் கட்டப்பட்டிருக்கிறதா, காற்றோட்ட வால்வு அடைபடாமல் இருக்கிறதா என்பவற்றை வாய்விட்டுச் சொல்லியபடி பாருங்கள். காற்றோட்டம் அடைபட்ட நிலையில் தொட்டியைக் காலி செய்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகித் தொட்டியே நசுங்கக்கூடும். இதை அறிந்தவர் என்று காட்டிக்கொள்வது நல்லது.

குடிநீர் ஓட்டத்துக்கான நேர்முகத்தில் இரண்டைக் கட்டாயம் கேட்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, நிரப்பும்போது தொட்டி நீர் குழாய்க்குள் திரும்பிப் போகாமல் எப்படித் தடுப்பது; நிரப்பு குழாயின் முனைக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே காற்று இடைவெளி விடுவது, அல்லது திரும்பாத் தடுப்பு வால்வு பொருத்திய நிரப்பு முனையைப் பயன்படுத்துவது என்பதே விடை. மற்றொன்று குளோரின். வழங்கும் இடத்தில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை இருப்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பொதுவான அளவு. தொட்டியில் நீர் நெடுநேரம் நின்றால் அது குறைந்துகொண்டே போகும், எனவே நிரப்பியபோதும் வழங்கும்போதும் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும்.

கழிவு ஓட்டமென்றால் கேள்வி ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவைப் பற்றித்தான் இருக்கும். அழுகிய முட்டை நாற்றமுள்ள அந்த வாயு, செறிவு கூடியதும் மோப்பத்தையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றது என்றால் வாயு போய்விட்டது என்று பொருளல்ல. "தொட்டிக்குள் ஏதோ அடைத்துக்கொண்டது, எட்டிப் பார்ப்பாயா?" என்று கேட்டால், வாயு அளக்கும் கருவியும் அனுமதிச் சீட்டும் வெளியே காவலாளும் மீட்புக் கருவியும் இல்லாமல் தலையைக்கூட நீட்ட மாட்டேன் என்பதே சரியான பதில். உள்ளே விழுந்தவரைக் காப்பாற்ற இறங்கி இரண்டாவதாக இறந்தவர்கள் இத்தொழிலில் பலர்; துணிச்சலானவரை வாரியம் தேடவில்லை.

8. நியமன ஆணையில் கையெழுத்திடும் முன்

ஊதியம் மாதக் கணக்கா, நடைக் கணக்கா என்று பாருங்கள். நடைக்கு இவ்வளவு என்ற ஊதியம் முதல் மாதத்தில் பெரிதாகத் தெரியும். நிரப்பு நிலையத்தில் வரிசையில் நின்ற மூன்று மணி நேரத்துக்கு அதில் ஒன்றுமில்லை, நடையைக் கூட்ட வேகத்தைக் கூட்டச் சொல்லும் நெருக்கடியும் அதிலிருந்துதான் பிறக்கிறது. பணி நேரத்தைச் சட்டத்தோடு ஒப்பிடுங்கள். ஐரோப்பிய விதியில் நாலரை மணி நேர ஓட்டத்துக்குப் பின் 45 நிமிட இடைவேளை உண்டு. அமெரிக்காவில் பொதுவாக 14 மணி நேரப் பணிச் சாளரத்துக்குள் 11 மணி நேரமே ஓட்டலாம். இந்தியாவில் 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், அதன் வரம்புக்குள் வரும் நிறுவனங்களில், நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரையறுத்தது. அவசரப் பணிகளுக்கு விலக்குகள் உண்டு என்பதால் அந்த விலக்கை அவர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பழைய ஓட்டுநர் ஒருவரிடம் விசாரியுங்கள்.

மிகைப்பாரத்துக்கான அபராதத்தை யார் கட்டுவது, உரிமப் புதுப்பிப்பும் பயிற்சி நாள்களும் யார் செலவு, அழைப்புக்குக் காத்திருக்கும் இரவுகளுக்குப் படி உண்டா, தகுதிகாண் பருவம் எத்தனை மாதம் ஆகியவை ஆணையில் இல்லையென்றால் எழுதித் தரக் கேளுங்கள். ஆணையின் தலைப்பில் வாரியத்தின் பெயர் இருந்தால் போதாது, முதலாளி என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

9. தகுதிகாண் பருவத்தில்

இக்காலத்தில் வேலை போவது பெரும்பாலும் விபத்தால் அன்று, சொல்லாமல் விட்ட சிறு சேதத்தால்தான். கண்ணாடி உரசினாலும், ஹோஸ் இணைப்பு கசிந்து தரையில் சிறிது கொட்டினாலும் அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடுங்கள். நடைப் பதிவேட்டில் நிரப்பிய நேரம், இறக்கிய நேரம், அளவு, குளோரின் அளவீடு ஆகியவற்றை அந்தந்த இடத்திலேயே எழுதுங்கள்; மாலையில் மொத்தமாக நிரப்பும் பதிவேடு பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

பருவம் முடியும் தேதியை நீங்களே குறித்து வைத்து, அதற்கு ஒரு மாதம் முன்பாக உறுதிசெய்யும் ஆணையைக் கேட்டு எழுத்தில் மனு கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை நகலில் வாங்கிக்கொள்ளுங்கள். பருவம் முடிந்தால் தானாகவே நிரந்தரம் என்று சொல்வார்கள். என் கோப்பு ஒரு மேசையில் ஏழு வாரம் கிடந்தது. முத்திரையிட்ட அந்த நகலைக் காட்டிய பிறகுதான் ஆணை வந்தது, அதில் மனு கொடுத்த தேதியையே கணக்கில் எடுத்திருந்தார்கள்.